ஆங்கில-தமிழ் அகராதி

ஆங்கில-தமிழ் அகராதி என்பது ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் தரும் இருமொழி அகராதி ஆகும். அன்றாடப் பேச்சில் அதிகம் இடம்பெறாது, நூல்கள், சட்டங்கள், தேர்வுகள், தொழில்நுட்பக் கையேடுகள் முதலியவற்றில் வரும் உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பதற்கு இது முதன்மையான கருவியாக விளங்குகிறது. எனினும், இத்தகைய சொற்களுள் பலவற்றுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற முறையில் பொருள் அமைவதில்லை. அகராதி தரும் தமிழ்ச் சொல் எவ்வகையானது, எத்துறைக்கு உரியது என்பவற்றை அறிந்தே அதனைப் பயன்படுத்த வேண்டியுள்ளது.

உயர்நிலைச் சொற்களின் தோற்றம்

1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. பின்னர் கல்வி வழியாக இலத்தீன், கிரேக்கச் சொற்களும் சேர்ந்தன. இதனால் ஒரே கருத்துக்குப் பல அடுக்குகளில் சொற்கள் அமைந்தன. "ஆஸ்க்" என்பது பழைய ஆங்கிலச் சொல். "கொஸ்டின்" பிரெஞ்சு வழி வந்தது. "இன்டெராகேட்" இலத்தீனிலிருந்து வந்தது. தமிழிலும் கேள், வினவு, விசாரி என்னும் சொற்களிடையே இதையொத்த வேறுபாட்டைக் காணலாம். இவற்றுள் முதலாவது பேச்சுக்கும், இரண்டாவது எழுத்துநடைக்கும் உரியவை. மூன்றாவது வடமொழி வழி வந்தது.

உயர்நிலைச் சொற்கள் பல, வேர்களும் ஒட்டுகளும் சேர்ந்து உருவானவை. "பெனவலன்ட்" என்பதில் நன்மை, விரும்புதல் என்னும் பொருளுடைய இரு இலத்தீன் வேர்கள் உள்ளன. முதற்பகுதியை மாற்றி "மலவலன்ட்" என்றால் தீமையை விரும்பும் என்ற பொருள் கிடைக்கிறது. "லஜி" என முடியும் கிரேக்க வழிச் சொற்களுக்குத் தமிழில் "இயல்" என்னும் ஈறு வழங்குகிறது. பயாலஜி உயிரியல் எனவும், சைக்காலஜி உளவியல் எனவும், ஈகாலஜி சூழலியல் எனவும் வழங்குவது இதற்கு எடுத்துக்காட்டு.

வரலாறு

தமிழுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் இடையிலான தொடக்ககால அகராதிகள், தமிழர் ஆங்கிலம் கற்பதைக் காட்டிலும் ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கே பெரிதும் உதவின. செருமானிய மதபோதகரான பப்ரிசியசு, பிரைத்தாப்டு என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய தமிழ்-ஆங்கில அகராதி 1779 ஆம் ஆண்டில் சென்னை வேப்பேரியில் அச்சிடப்பட்டது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என அழைத்ததால் அப்பெயரே நூலின் தலைப்பிலும் இடம்பெற்றது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செல்லும் பகுதி 1786 இல் வெளிவந்தது. வின்சுலோவின் தமிழ்-ஆங்கிலப் பேரகராதி 1862 இல் வெளியாயிற்று. இதில் 67,000 இற்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன.

19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் பள்ளிகளின் வளர்ச்சியோடு, ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்களுக்கான அகராதிகள் தேவைப்பட்டன. நைட், இசுபோல்டிங் ஆகியோரின் ஆங்கில-தமிழ் அகராதி இத்தேவையை முன்னிட்டு உருவானது.

20 ஆம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு விரிவான ஆங்கில-தமிழ் அகராதியை 1960களில் வெளியிட்டது. மாணவரிடையே லிப்கோ நிறுவனத்தின் ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பரவலாக வழங்கின. தமிழ் விக்சனரி 2004 ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இயங்கி வருகிறது.

கலைச்சொல்லாக்கம்

தமிழில் முன்பு இல்லாத கருத்துகளுக்கு அகராதியாளர் புதிய சொற்களை நாட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததுடன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற்களையும் தொகுத்தார்.

1916 ஆம் ஆண்டில் சேலத்தில் தமிழ் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இதை முன்னின்று நடத்தியோருள் இராசாசியும் ஒருவர். இவர் இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 ஆம் ஆண்டில் பிறந்தவர். தமிழ்ச் சொற்களை ஆராய்ந்த இச்சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது. 1940 இல் அமைக்கப்பட்ட சீனிவாச சாத்திரி குழு வடமொழிச் சொற்களுக்கு முதன்மை தருவதாகத் தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இவ்விவாதங்களின் தடங்களை இன்றும் அகராதிகளில் காணலாம். "ஆக்சிசன்" என்பதற்குப் பிராணவாயு, உயிர்வளி ஆகிய சொற்களும் வழங்குகின்றன. இலங்கையில் இது ஒட்சிசன் என எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் வேதியியல், இயற்பியல் எனப்படுபவை இலங்கையில் இரசாயனவியல், பௌதிகவியல் எனப்படுகின்றன.

பொருள் தரும் முறைகள்

அகராதிகள் பொதுவாக நான்கு முறைகளில் பொருள் தருகின்றன.

1. நிகர்ச்சொல்: மொழியில் ஏற்கனவே உள்ள சொல்லைத் தருதல். எ.கா: "கரேஜ்" - துணிவு.
2. ஆக்கச்சொல்: புதிதாக உருவாக்கிய சொல்லைத் தருதல். எ.கா: "யுனிவர்சிட்டி" - பல்கலைக்கழகம்.
3. ஒலிபெயர்ப்பு: ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் தருதல். எ.கா: ஆக்சிசன்.
4. விளக்கம்: சொல்லுக்குப் பதிலாகத் தொடரால் பொருள் உணர்த்துதல். எ.கா: "நாஸ்டால்ஜியா" - கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் உணர்வு.

நான்காம் வகைப் பொருளை அப்படியே வாக்கியத்தில் இட இயலாது. அது புரிந்துகொள்வதற்கு மட்டுமே உரியது.

பொருள் மயக்கம் தரும் சொற்கள்

சில ஆங்கிலச் சொற்கள் ஒன்றுக்கொன்று முரணான பொருள்களைக் கொண்டவை. "சாங்சன்" என்பது அனுமதியையும் குறிக்கும், நாடுகள் மீது விதிக்கப்படும் தடையையும் குறிக்கும். "ஓவர்சைட்" என்பதற்கு மேற்பார்வை, கவனக்குறைவு ஆகிய இரு பொருள்களும் உண்டு. வாக்கியத்தைக் கொண்டே உரிய பொருளைத் துணிய முடியும்.

சொல்லின் முன்னொட்டும் ஏமாற்றக்கூடும். "இன்" என்னும் முன்னொட்டு பல சொற்களில் எதிர்மறையைத் தருகிறது. ஆனால் "இன்பிளேமபிள்" என்பதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே. தீப்பற்றாதது எனத் தவறாகக் கொள்வது ஆபத்தானது. இதன் காரணமாக எச்சரிக்கைப் பலகைகளில் அதே பொருளுடைய "பிளேமபிள்" என்னும் சொல் 20 ஆம் நூற்றாண்டில் ஊக்குவிக்கப்பட்டது.

தளி, ஓசூர் பகுதி

தளி, கிருட்டிணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊராகும். குளிர்ந்த தட்பவெப்பம் காரணமாக ஆங்கிலேயர் இதனைக் குட்டி இங்கிலாந்து என அழைத்தனர். இப்பகுதியில் தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் பேசப்படுகின்றன. எனவே பல மாணவருக்கு ஆங்கில-தமிழ் அகராதி என்பது வீட்டுமொழி அல்லாத இரு மொழிகளுக்கு இடையிலான நூலாக அமைகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006 இல் இயற்றப்பட்ட பின்னர் இங்குள்ள சிறுபான்மை மொழி மாணவரின் நிலை விவாதத்துக்கு உள்ளானது.

ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மும்மொழிகளும் வெவ்வேறு சொற்களை ஆக்கியுள்ளன. "டெமாக்ரசி" தமிழில் மக்களாட்சி அல்லது சனநாயகம் என்றும், கன்னடத்தில் பிரஜாபிரபுத்வ என்றும், தெலுங்கில் பிரஜாஸ்வாம்யம் என்றும் வழங்குகிறது. ஒலியில் ஒத்த சொற்கள் பொருளில் வேறுபடுவதும் உண்டு. அவசரம் என்பது தமிழிலும் கன்னடத்திலும் விரைவைக் குறிக்க, தெலுங்கில் தேவையைக் குறிக்கிறது. "அர்ஜன்சி" என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அவசரம் என்ற பொருளைக் காணும் தெலுங்கு பேசும் மாணவர், அதைத் தேவை எனக் கொள்ள வாய்ப்புண்டு.

ஓசூரை ஒட்டிய தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் செல்வோர் மற்றொரு சிக்கலையும் எதிர்கொள்கின்றனர். பொது அகராதியில் "டாலரன்ஸ்" என்பதற்குச் சகிப்புத்தன்மை என்னும் பொருள் காணப்படும். பொறியியல் வரைபடத்தில் இது ஓர் உறுப்பின் அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாட்டைக் குறிக்கும். "பெட்டீக்" என்பது பொதுவாகக் களைப்பு ஆகும். உலோகத்தைப் பொறுத்தவரை, மீண்டும் மீண்டும் சுமை ஏற்றி இறக்குவதால் ஏற்படும் வலிமை இழப்பையே இது குறிக்கும்.

கற்கும் முறை

* சொல்லைத் தனியாக மனனம் செய்யாது, அது வந்த வாக்கியத்துடன் குறித்துக்கொள்ளுதல் நன்று.
* பல பொருள்கள் தரப்பட்டிருப்பின், அவை எத்துறைக்கு உரியவை என்ற குறிப்பையும் கவனிக்க வேண்டும்.
* கிடைத்த தமிழ்ச் சொல்லைத் தமிழ்-ஆங்கில அகராதியில் மீண்டும் தேடினால், அதன் எல்லை தெளிவாகும். 1992 இல் முதலில் வெளியான கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவதால் இதற்கு உதவும்.
* வேர்ச்சொல்லைக் கொண்டு பொருளை ஊகிக்கலாம். ஆனால் அகராதியில் சரிபார்த்த பின்னரே அதனை ஏற்க வேண்டும்.
* ஓரளவு தேர்ச்சி பெற்ற பின்னர் ஆங்கில-ஆங்கில அகராதியையும் உடன் பயன்படுத்துதல் வேண்டும். ஒத்த பொருளுடைய சொற்களிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள் பெரும்பாலும் அதிலேயே விளக்கப்படுகின்றன.