பூட்டிய வீட்டிற்குக் காவல் யார்?

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படத் தொடங்கிவிடுகின்றன. ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருப்பதால் அக்காட்சியை ஆண்டுதோறும் காணும் வாய்ப்பு எனக்குண்டு. மூட்டை முடிச்சுகளையும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்து வண்டியில் ஏற்றி உட்கார்ந்த பின்பு, வண்டி அசையும் அந்த நொடியில், எந்தக் குடும்பத்திலும் ஒரு குரல் கேட்கும்: "பின்கட்டுத் தாழ்ப்பாளைப் போட்டீர்களா?" கேட்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவி. பதில் சொல்பவர் சற்றே தயங்கி, "போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்" என்பார்.

சென்ற பொங்கலின்போது என் மனைவி அக்கேள்வியைக் கேட்கவில்லை. வீட்டில் அபாயமணி பொருத்தியிருந்தோம் அல்லவா? ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாயிற்கதவில் ஒரு காந்தத் துண்டு, கூடத்தின் மூலையில் மனித உடம்பின் வெப்பத்தை உணரும் ஒரு கண், மாடிப்படியின் கீழ் ஒரு சங்கு, இவை எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு பெட்டி, அதனுள் ஒரு சிம் அட்டை. விற்றவர், "திருடன் கதவைத் தொட்டால் போலீசுக்கே நேராகச் செய்தி போய்விடும்" என்றார். நான் நம்பினேன். ஐந்து நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது வாயிற்பூட்டு உடைந்து தொங்கியது. பீரோ திறந்து கிடந்தது. வெள்ளிக் குத்துவிளக்கும், என் மாமியார் தம் மகளுக்குக் கழற்றிக் கொடுத்த நான்கு பவுன் சங்கிலியும் போயிருந்தன.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. "தம்பி, அன்று ராத்திரி உங்கள் வீட்டு மணி அலறிக்கொண்டேதான் இருந்தது. மார்கழியில் மூன்று முறை பல்லி ஊர்ந்ததற்கே அலறிற்றே, அதுபோலத்தான் இதுவும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம்." என் கைப்பேசிக்கு ஏன் அழைப்பு வரவில்லை? பெட்டியினுள் இருந்த சிம் அட்டைக்குப் பணம் கட்டும் தவணை பதினொரு நாள் முன்னதாகவே முடிந்து போயிருந்தது. போலீசுக்கு அந்தப் பெட்டியிலிருந்து எந்த இணைப்பும் எக்காலத்திலும் இருந்ததில்லை. செய்தி என் கைப்பேசி ஒன்றிற்கே வரும்படி அமைத்திருந்தார்கள். அதுவும் வரவில்லை.

களவு போன பிறகுதான் இவ்விஷயத்தைப் பற்றி விசாரித்தேன். நம் சங்கத்து அன்பர்கள் களவுக்கு முன்னரே அறிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

மின்சார அபாயமணி புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் 1853இல் இதற்கு உரிமைச் சாசனம் பெற்றார். 1857இல் அவ்வுரிமையை எட்வின் ஹோம்ஸ் என்ற வணிகர் வாங்கி, 1859இல் நியூயார்க் நகருக்குத் தம் தொழிலை மாற்றிக்கொண்டார். வீட்டில் மணி அடித்தால் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். வாடிக்கையாளர் வீடுகளின் கம்பிகளை எல்லாம் ஒரு மத்திய அலுவலகத்தில் கொண்டுவந்து சேர்த்து, அங்கே இரவெல்லாம் ஆட்கள் விழித்திருந்து கவனிக்கும் முறையை வளர்த்தார். மணியோசை வேறு, கண்காணிப்பு வேறு என்ற பாகுபாடு அன்றே பிறந்துவிட்டது. நான் வாங்கியது ஓசையை மட்டுமே.

ரயில்வேக்காரனாகிய எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்தார் "வண்டி விடலாமா?" என்று கேட்டு, அடுத்த நிலையத்தார் தம் கருவியை இயக்கி இசைவு தந்தாலன்றி வண்டி நகராது. கேள்வி போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பதில்தான் சான்று. அதேபோல், தண்டவாளத்தில் மெல்லிய மின்னோட்டம் ஒன்றை விட்டிருப்பார்கள். வண்டி ஏறினாலும், தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும் அவ்வோட்டம் நின்று கைகாட்டி சிவப்பாகிவிடும். பழுதாயின் அபாயம் என்றே காட்ட வேண்டும், நலம் என்று காட்டலாகாது என்பது கருத்து. கண்காணிக்கப்படும் அபாயமணியும் இவ்வாறே செயல்பட வேண்டியது. மத்திய நிலையம் குறித்த கால இடைவெளியில், சில இடங்களில் நாளுக்கு ஒரு முறை, சில இடங்களில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை, வீட்டுப் பெட்டியிடமிருந்து "இருக்கிறேன்" என்ற குறிப்பை எதிர்பார்க்கும். வராவிட்டால், சிம் அட்டை செத்ததோ, மின்கலம் தீர்ந்ததோ, திருடன் கம்பியை வெட்டினானோ என்று உடனே விசாரிக்கும். என் பெட்டியிடம் பதினொரு நாளாக எவரும் நலம் விசாரிக்கவில்லை.

இக்குறையால் உயிரே ஊசலாடிய நிகழ்ச்சி நம் நகரத்திலேயே நடந்தது. 2013 நவம்பர் 19ஆம் நாள் காலை, கார்ப்பரேஷன் சர்க்கிள் அருகே ஒரு ஏ.டி.எம். அறைக்குள் பணம் எடுக்கச் சென்ற வங்கிப் பெண் அதிகாரி ஒருவரைப் பின்தொடர்ந்து வந்தவன், உள்ளிருந்தே இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டு அரிவாளால் வெட்டினான். அக்காட்சி முழுவதையும் காமிரா பதிவு செய்தது. பின்னர் நாடெங்கும் தொலைக்காட்சியில் அதைக் கண்டனர். ஆனால் அந்த நேரத்தில் அதை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கார்ப்பரேஷன் அலுவலகத்தின் எதிரில், ஜனநடமாட்டம் மிகுந்த சாலையில், அவ்வம்மையார் ஏறத்தாழ மூன்று மணி நேரம் குருதி வெள்ளத்தில் கிடந்தார். தெருவில் போனவர்கள் வாயிலில் இரத்தத்தைக் கண்ட பிறகே செய்தி வெளிவந்தது. தெய்வாதீனமாக அவர் உயிர் பிழைத்தார். தாக்கியவன் 2017இல்தான் ஆந்திரத்தில் பிடிபட்டான். 2021இல் பெங்களூர் நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசாங்கம் வங்கிகளுக்குச் சில நாள் தவணை கொடுத்து, காவலரும் காமிராவும் இல்லாத ஏ.டி.எம். அறைகளை மூடச் செய்தது. நூற்றுக்கணக்கான அறைகள் மூடப்பட்டன. பின்னர் 2017இல் கர்நாடகப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரே நேரத்தில் நூறு பேர் அல்லது ஒரு நாளில் ஐந்நூறு பேர் வந்து போகும் நிறுவனங்கள் காமிரா வைத்து, முப்பது நாள் பதிவுகளைச் சேமிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2019 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஏ.டி.எம். இயந்திரங்களைச் சுவரோடோ தரையோடோ பிணைக்க ஆணையிட்டதோடு, உடனே எச்சரித்து விரைவில் ஆள் அனுப்பும் மின்னணுக் கண்காணிப்பையும் வங்கிகள் கருதலாம் என்றது. நமது வீடுகளுக்கு இவற்றில் எதுவும் கட்டாயமன்று. ஆயினும் பதிவு செய்வது காவலாகாது என்பதைப் பெரிய வங்கிகளே இவ்வளவு விலை கொடுத்துக் கற்றன.

மணி அடித்தவுடன் போலீஸார் வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இங்கிலாந்தில் இதற்கு எழுதி வைத்த விதியே உண்டு. அங்கே ஒரு கருவி மட்டும் கூவினால் போலீஸார் புறப்படுவதில்லை. தனித்தனியான இரண்டு கருவிகள் அடுத்தடுத்து உணர்ந்திருக்க வேண்டும், அல்லது படமோ ஒலியோ உறுதிப்படுத்த வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று பொய்யழைப்பு வந்தால் அவ்வீட்டிற்குப் போலீஸ் வருகையே நிறுத்தப்படும். சாவி வைத்திருப்பவர் இருவர் பெயரைக் கொடுக்க வேண்டும்; அவர்கள் இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஐரோப்பியத் தர அளவையில் அபாயமணிகளுக்கு நான்கு படிகள் உள்ளன. பொருளின் மதிப்புக்கு ஏற்ற படியை இன்ஷூரன்ஸ் கம்பெனியே அங்கு நிர்ணயிக்கிறது. லண்டனில் உள்ள நம் உறவினர் வீட்டுத் தங்க நகைகள் திருடர்க்கு இலக்காவதால் அவர்கள் இவ்விதிகளை நன்கறிவார்கள். மூன்று பொய்யழைப்பு என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வேதனையும் ஒருங்கே வந்தன. என் வீட்டுப் பல்லி மார்கழியிலேயே அந்தக் கணக்கை முடித்துவிட்டதே!

பெங்களூரில் நாம் செய்யக்கூடியது எளிது. அவசர அழைப்புக்கு 112 என்ற எண் உண்டு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அருகிலுள்ள ஹொய்சள ரோந்து வண்டிக்குச் செய்தி போகும். ஆனால் அழைப்பது ஒரு மனிதராக இருக்க வேண்டும்: கண்காணிப்பு நிலையத்தாரோ, நம்மவரோ, பக்கத்து வீட்டாரோ. கண்காணிப்புக்குத் தனியார் நிறுவனத்தை அமர்த்தினால், காவலர்களை அனுப்பும் அந்நிறுவனத்திற்கு 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு நான் கெட்டேன். ஊருக்குப் போகுமுன் நம் பகுதிக் காவல் நிலையத்தில் போகும் நாளையும் திரும்பும் நாளையும் தெரிவித்துவிட்டால் ரோந்துப் போலீஸார் தெருவைக் கவனிக்க வசதியாகும். காசு செலவில்லாத காரியம், ஆதலால்தானோ என்னவோ, நம்மில் பலர் செய்வதில்லை.

கதவை மட்டும் காத்தால் போதும் என்றும் எண்ணலாகாது. 2019 அக்டோபர் 2ஆம் நாள் விடியற்காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகே லலிதா ஜுவல்லரியில் முகமூடி அணிந்தோர் பின்சுவரைத் துளைத்து நுழைந்து சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றனர். முன்புறம் காவலர் இருந்தனர். துளை பின்புறம் இருந்தது. அக்கும்பலின் தலைவன் பின்னர் சரணடைந்தது நம் பெங்களூர் நீதிமன்றத்தில்தான். வீட்டில் உள்ளே நடமாட்டத்தை உணரும் கண் ஒன்று அவசியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் கண்ணில் பல்லி ஏறாதபடி இடம் பார்த்துப் பொருத்துவதும், மின்வெட்டுக்கு மின்கலம் வைப்பதும் அதைவிட அவசியம்.

களவு நடந்துவிட்டால் முதற்காரியம் முதல் தகவல் அறிக்கை. இங்கு அது கன்னடத்தில் எழுதப்படும். தெரியாத எழுத்தின் கீழ் அவசரத்தில் கையெழுத்திட வேண்டா. தகவல் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். படிகூட இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் நமக்குத் தெரிவிக்க வேண்டும். பொருள் தொலைந்ததென்று இணையத்தில் பதிந்து பெறும் சீட்டு களவுக்கு உதவாது. எங்கள் தெருவிலேயே ஒருவர் அதை எடுத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் அலுவலகம் போய்த் திரும்பினார்.

இன்ஷூரன்ஸ் விஷயத்திற்கு வருகிறேன். இதில்தான் நான் மிகவும் அடிபட்டேன். "களவு" என்ற சொல்லுக்குப் பாலிசியில் தனிப்பொருள் உண்டு. பலவந்தமாகப் புகுந்ததற்கு அடையாளம் வேண்டும் என்று பாலிசி சொன்னால், திறந்த கதவு வழியே வந்து எடுத்துப் போனதற்கு ஈடு இல்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றமே ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே உடைந்த பூட்டை எடுத்தெறியாதீர்கள், படம் பிடித்து வையுங்கள். பல பாலிசிகளில், தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வீடு ஆளின்றிக் கிடந்தால் முன்னறிவிப்பின்றிக் களவுக் காப்பு இல்லை என்ற விதியும் இருக்கிறது. பத்து நாள் ஊரில் தங்குவோர் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

என் பூட்டு உடைந்துதான் இருந்தது, நாங்கள் போனதும் ஐந்து நாள்தான். ஆயினும் மனு நிராகரிக்கப்பட்டது. இரண்டு காரணங்கள். சங்கிலி, நகைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. மாமியார் போட்டிருந்த நகைக்கு நான் எங்கே ரசீது தேடுவேன்? மற்றொன்று, விண்ணப்பப் படிவத்தில் "கண்காணிக்கப்படும் அபாயமணி, செயல்படும் நிலையில்" என்ற கட்டத்தில் முகவர் சொற்படி நான் "ஆம்" என்று குறித்திருந்தேன். அதற்காகச் சிறு தொகை சந்தாவில் குறைந்ததும் உண்மை. வந்து பார்த்த சர்வேயர் பெட்டியின் பதிவைக் கேட்டார், பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கேட்டார். இரண்டாவது என்னிடம் இல்லை. முதலாவது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று. முகவர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. ஆயினும் கையெழுத்து என்னுடையது.

நிராகரிப்போடு வழி அடைபடுவதில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் மனுச் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஐம்பது லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். பெங்களூர் அலுவலகம் ஜே.பி. நகரில் உள்ளது. ஐப்பசியில் மனுக் கொடுத்திருக்கிறேன். குத்துவிளக்குக்கு ரசீது இருக்கிறது, ஆதலால் அதற்காவது ஈடு கிடைக்குமென்று ஓர் எண்ணம். சங்கிலியைப் பற்றி என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மிஞ்சியிருந்த நகைகளை வங்கி லாக்கரில் வைத்திருக்கிறோம். அதுவும் முழுக் காப்பன்று. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் களவு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. மூவாயிரம் வாடகையானால் மூன்று லட்சம். உள்ளே இருப்பதை வங்கி இன்ஷூர் செய்வதுமில்லை. இன்றைய பவுன் விலையில் அது எத்தனை பவுனுக்கு ஈடாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறோம். பெட்டியைக் கண்காணிப்பு நிலையம் ஒன்றோடு இணைத்து, உரிமத்தின் படியையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் கோப்பில் வைத்திருக்கிறேன். கூடத்துக் கண்ணைப் பல்லி எட்டாத உயரத்திற்கு மாற்றியாயிற்று. சென்ற ஞாயிறன்று கதவைத் திறந்து சோதித்தபோது நாற்பது வினாடியில் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் மாற்றுச்சாவி இருக்கிறது. "இனிமேல் பல்லியானாலும் எழுந்து வந்து பார்ப்பேன் தம்பி" என்று அவர் சொல்லியிருக்கிறார். காவல் நிலையத்தில் நாளைக் காலை போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.