ஏற்றத்தைப் பங்கிட்டுத் தரும் பற்சக்கரம்

1885ஆம் ஆண்டு நானுஓயாவை எட்டிய மலையகப் புகையிரதப் பாதை, 44 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்னும் வரம்புக்குள் அமைக்கப்பட்டது. அந்த வரம்பைக் காப்பதற்காகவே பாதை நேரே ஏறாமல் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வளைகிறது. பின்னாளில் பதுளை வரை நீட்டப்பட்ட பாதை, தெமோதரையில் ஒரு வட்டமடித்துத் தன் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் தானே நுழைகிறது. ஏற வேண்டிய உயரத்தை எந்தப் பொறியியலாளராலும் குறைக்க இயலாது. ஆனால் அந்த உயரத்தை நீண்ட தூரத்தின் மீது பரப்பிவிட்டால், ஒவ்வோர் அடியிலும் செலுத்த வேண்டிய விசை குறைந்துவிடும். பழைய மலைச் சைக்கிளொன்றின் கிராங்கை மாற்றுவதற்குப் பின்னாலுள்ள இயற்பியலும் இதுவே.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு, இலங்கையெங்கும் மூலையில் கிடந்த சைக்கிள்களை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தது. சமவெளியில் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் போதும். மலையகத்திலோ, மிதிப்பவரின் முழுப் பலத்தையும் தாங்கும் நடுப்பகுதி சீராக இல்லையெனில் அது தள்ளிக்கொண்டு நடப்பதற்கே பயன்படும்.

வேலை ஒன்றே, விசை வேறு

பெடல்கள் பூட்டப்படும் இரு கைகளும், வலக்கையோடு இணைந்த முன் பற்சக்கரங்களும் சேர்ந்ததே கிராங் தொகுதி. இரு கைகளையும் இணைக்கும் அச்சும், அது உராய்வின்றிச் சுழல உதவும் தாங்கிகளும், அதாவது பெயாரிங்குகளும், சட்டத்தின் அடியிலுள்ள குறுக்குக் குழாயினுள் அமர்ந்திருக்கின்றன. இப்பகுதியே பொட்டம் பிராக்கெட் எனப்படும் நடு அச்சுத் தொகுதியாகும்.

நானுஓயா புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்குச் சற்று மேலும், நுவரெலியா நகரம் 1,868 மீற்றரிலும் இருப்பதால், இடையில் ஏற வேண்டிய உயரம் சுமார் 250 மீற்றர். மிதிப்பவரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் எனக் கொண்டால், இவ்வுயரத்தை வெல்ல மட்டும் ஏறக்குறைய 184 கிலோயூல் வேலை செய்யப்பட வேண்டும். எந்தப் பற்சக்கரமும் இத்தொகையில் ஒரு யூலைக்கூடத் தள்ளுபடி செய்யாது.

மாறுவது விசையே. தேயிலைத் தோட்டத்துக் கிளைவீதிகளில் காணப்படும் 10 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் ஏற்றமொன்றில், மேற்சொன்ன நிறையை முன்னே நகர்த்தச் சில்லில் சுமார் 80 நியூற்றன் விசை தேவைப்படும். பழைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் முன்புறச் சிறிய பற்சக்கரத்தில் 28 பற்களும், பின்புறப் பெரிய பற்சக்கரத்தில் 28 பற்களும் இருந்தன. 26 அங்குலச் சில்லும் 170 மில்லிமீற்றர் கிராங் கையும் கொண்ட அத்தகைய சைக்கிளில், பெடலில் சராசரியாக 155 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 16 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைச் செலுத்த வேண்டும். பின்புறத்தைத் தொடாமல் முன்புறத்தில் மட்டும் 22 பற்கள் கொண்ட சக்கரம் வரும்படி கிராங்கை மாற்றினால், அந்த விசை 122 நியூற்றனுக்குக் குறைகிறது.

இக்குறைவுக்கு ஈடாகக் கால் கூடுதல் தூரம் சுழல்கிறது. 10 மீற்றர் வீதியைக் கடக்கப் பழைய அமைப்பில் பாதம் 5.16 மீற்றர் நகர்ந்தால், புதிய அமைப்பில் 6.56 மீற்றர் நகர வேண்டும். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் இரண்டிலும் கிடைப்பது அதே 800 யூல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், வேகம் மணிக்கு 7.5 கிலோமீற்றரிலிருந்து 5.9 கிலோமீற்றராகக் குறைய, தேவைப்படும் வலு 166 வாற்றிலிருந்து 130 வாற்றாக இறங்குகிறது. பயிற்சியற்ற ஒருவர் ஏற்றம் முழுவதும் தாங்கக்கூடியது இரண்டாவது அளவே. புகையிரதப் பாதை மலையைச் சுற்றி நீட்டிய தூரத்தைச் சிறிய பற்சக்கரம் காலின் கீழ் நீட்டித் தருகிறது.

மழை புகும் இடம்

பழைய நடு அச்சுத் தொகுதியில் அச்சின் இரு புறமும் கிண்ணம் போன்ற கப்புகள் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு கப்பிலும் வழக்கமாகக் கால் அங்குல விட்டமுள்ள 11 உருக்குக் குண்டுகள் கிறீஸில் பதிந்து உருளும். மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் விலகாத நுவரெலியா மாவட்டத்தில் இவ்வமைப்பின் பலவீனம் விரைவில் வெளிப்படுகிறது. மழைக்காலத்துக்குப் பின் அத்தகைய அச்சொன்றைக் கழற்றிப் பார்த்தால், கிறீஸ் இருந்த இடத்தில் சாயத்தேநீர் நிறக் குழம்பொன்று வடியும். அதைத் துடைத்தெடுத்தால், குண்டுகள் ஓடிய தடம் அச்சைச் சுற்றிப் பளபளக்கும் வளையமாகத் தெரியும். அவ்வளையத்தின் மீது நகத்தை ஓட்டினால், ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்குழிகளில் நகம் தட்டுப்படும். தண்ணீரோடு புகுந்த மணல்துகள்களும் துருவும் தோண்டிய குழிகள் அவை. குழி விழுந்த தடத்துக்கு எவ்வளவு புதிய கிறீஸ் இட்டாலும் பயனில்லை.

இதற்கு எளிய மாற்று, அச்சும் தாங்கிகளும் ஒரே உருளைக்குள் அடைக்கப்பட்டு வரும் மூடிய தொகுதி. அதன் தாங்கிகளை இறப்பர் விளிம்புகள் காப்பதால் இடையில் பிரித்துச் சீர்செய்ய வேண்டியதில்லை. தேய்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். ஆயினும் இவ்வகையிலும் அச்சின் முனை பழைய சதுர வடிவத்திலேயே உள்ளதால், அதற்குப் பொருந்தும் எந்தக் கிராங்கையும் பூட்டலாம்.

அடுத்த படிநிலை, ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தனது உயர்தர மலைச் சைக்கிள் கிராங்கில் 2003இல் கொண்டுவந்த அமைப்பாகும். தாங்கிகள் குழாய்க்கு வெளியே நகர்த்தப்பட, 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள உள்வெறுமையான அச்சு வலக்கையோடு நிலையாக இணைக்கப்பட்டது. தண்டொன்றின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்காகும். மையத்தையொட்டிய உலோகம் விறைப்புக்கு மிகச் சிறிதே உதவுவதால், அதை நீக்கி எடையைக் குறைக்கலாம். அச்சும் தடித்து, குண்டுகளும் பெரிதாக இருக்கப் பழைய குழாயினுள் இடமில்லை என்பதாலேயே தாங்கிகள் வெளியே வந்தன.

இடப்புறம் திருகும் மறை

பழைய மலைச் சைக்கிள் சட்டங்கள் பலவற்றில் குழாயின் மறை, அதாவது திருகுபுரி, 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றுகளும் கொண்டது. துப்பாக்கி உற்பத்தியில் தொடங்கிய பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் சுருக்கப் பெயரால் இது பி.எஸ்.ஏ. மறை எனப்படுகிறது. வெளித்தாங்கிக் கப்புகளிலும் இதே மறை கிடைப்பதால், பல பத்தாண்டு பழைய சட்டத்திலும் இன்றைய கிராங்கைப் பூட்ட முடிகிறது.

இம்மறையில் வலப்பக்கக் கப்பு மட்டும் எதிர்த்திசையில் திருகப்படுகிறது. அச்சு சுழலும்போது, கப்பின் மீது அழுத்தம் விழும் இடமும் சுற்றிவருகிறது. மறைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும், அச்சுழலும் அழுத்தம் கப்பை எதிர்த்திசையில் சிறிது சிறிதாக நகர்த்தும். வழக்கமான மறையாக இருப்பின் அந்நகர்வு கப்பைக் கழற்றிவிடும்; எதிர்மறையாக இருப்பதால் அதுவே இறுக்குகிறது. எனவே வலக்கப்பைக் கழற்றும்போது கடிகார முள் செல்லும் திசையிலேயே திருக வேண்டும். இதை மறந்து மறுபுறம் பலங்கொண்டு திருகியவர்கள் சட்டத்தின் மறையையே சிதைத்திருக்கிறார்கள்.

தெரிவு

வாங்கும் முன் அளக்க வேண்டியவை இரண்டு. முதலாவது குழாயின் அகலம். அது பொதுவாக 68 அல்லது 73 மில்லிமீற்றர். இரண்டாவது, சதுர முனை வகையாயின் அச்சின் நீளம். புதிய கிராங் வேறு நீளத்தை எதிர்பார்த்தால், பற்சக்கரம் சட்டத்தில் உரசும் அல்லது சங்கிலி கோணலாக ஓடித் தேயும். பழைய கையைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது சதுரப் பொருத்தைச் சேதப்படுத்தும் என்பதால், அதற்கென்றுள்ள கிராங் கழற்றியையே பயன்படுத்த வேண்டும்.

கிராங் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது இரு கைகளும் சேர்ந்து ஆடினால் குறை தாங்கியில். ஒன்று மட்டும் ஆடினால் குறை அக்கையின் பொருத்தில். பள்ளத்தாக்குகளில் குதித்தோடும் விளையாட்டு வீரருக்கு வெளித்தாங்கியின் விறைப்பு பயன்படும். பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் மழையில் ஏறி இறங்கும் சைக்கிளுக்கு, மூடிய தொகுதியும் 22 பற்கள் கொண்ட சிறு சக்கரமுமே பொருத்தமானவை. தண்ணீர் எளிதில் எட்டாத இடத்தில் தாங்கி அமர்ந்திருப்பதும், காலுக்கு 33 நியூற்றன் சுமை குறைவதும் மலையகத்து அன்றாடப் பயணத்தில் எடைக்குறைப்பைவிடப் பெறுமதியானவை. உருக்குச் சட்டம் உறுதியாக இருக்க, நடுவில் ஓர் அச்சு தேய்ந்தது என்பதற்காக ஒரு சைக்கிளை இரும்புக்கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.