கண்ணால் கேட்ட பாட்டு

1961, 62-ல் லிவர்பூல் ஆபீஸ்களில் வேலை பார்த்த டைப்பிஸ்ட் பெண்களுக்கு மதிய இடைவேளையில் ஒரு பாக்கியம் வாய்த்தது. மேத்யூ தெருவில் ஒரு கிடங்குக்கு அடியில் இருந்த கேவர்ன் கிளப்பில் இறங்கி, பீட்டில்ஸ் பாடுவதைக் கேட்டுவிட்டு, இரண்டு மணிக்குள் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

இன்று எண்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிற அந்தப் பெண்கள் பலர், பேட்டிகளில் பாட்டுக்கு முன்னால் வாடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காற்றே புகாத செங்கல் நிலவறை. வியர்வை ஆவியாகி, சுவரில் நீராக வழியும். அதோடு கிருமிநாசினி நெடி, சூப் வாசனை. வீட்டுக்குப் போனால் எங்கே போய்வந்தாள் என்று உடுப்பே காட்டிக்கொடுத்துவிடும். கிளப்பில் மது கிடையாது. டீ, காபி, குளிர்பானம்தான். பதினாறு வயதுப் பெண்கள் தைரியமாக இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பீட்டில்ஸ் மேடையில் நின்றபடியே எதையாவது கொறிப்பார்கள், முன்வரிசையோடு வம்பளப்பார்கள், சீட்டில் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடுவார்கள். 1963 ஆகஸ்ட் 3-ம் தேதியோடு அவர்கள் கேவர்னில் பாடுவது முடிந்தது.

அதற்குள் அவர்களுக்கு ஊர் ஊராக சினிமா தியேட்டர்களில் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. ஒரே டிக்கெட்டில் ஏழெட்டுப் பேர். ஒரு மாலைக்கு இரண்டு காட்சி. இடையிடையே ஆள் மாறும்போது சமாளிக்க ஒரு நகைச்சுவைக்காரர். பெரிய நட்சத்திரத்துக்கே அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். 1963 பிப்ரவரியில் அப்படி ஒரு சுற்றுப்பயணத்தின் நாயகி பதினாறு வயது ஹெலன் ஷப்பீரோ. பீட்டில்ஸ் துணைக் குழு. மே மாதம் ராய் ஆர்பிசனோடு கிளம்பியபோது பட்டியலின் உச்சியில் பீட்டில்ஸ். கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் நின்று பாடிய ஆர்பிசனைக் கூட்டம் மேடையை விட்டு இறங்க விடவில்லை. இரண்டு பேரையும் ஒரே மாலையில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பார்த்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டார்களா என்பது வேறு விஷயம். மேடையில் இருந்தவை 30 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். பாடுகிறவருக்கே தன் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர் அன்று மேடையில் இல்லை. எதிரே ஆயிரக்கணக்கில் பெண்களின் அலறல். பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொள்ள, முன்னால் நிற்பவர்களின் முதுகையும் தலையாட்டலையும் பார்த்து வாசித்ததாக டிரம்மர் ரிங்கோவே சொல்லியிருக்கிறார். கிட்டார் வாசித்த ஜார்ஜ் தனக்கு ஜெல்லி பேபி மிட்டாய் பிடிக்கும் என்று சொல்லப்போக, மேடையில் மிட்டாய் மழை. அமெரிக்காவில் எறிந்தது அதைவிடக் கெட்டியான ஜெல்லி பீன், பட்டால் வலிக்கும்.

1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்துக்கு 55,000 பேருக்கு மேல் வந்தார்கள். சாதனைதான். ஆனால் அரை மணி நேரம் எங்கோ தூரத்தில் நான்கு புள்ளிகளைப் பார்ப்பதைவிட, கேவர்னின் வியர்வைச் சுவரில் சாய்ந்து நிற்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அந்தத் தியேட்டர் கச்சேரிகளின் இன்னொரு சுகம், யார் யாரோடு வருவார் என்பதில் எந்தக் கணக்கும் இல்லாததுதான். 1967 மார்ச் 31, லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியா. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் காதல் பாட்டுக்கும் வாக்கர் பிரதர்ஸின் அழகு முகங்களுக்குமாகத் திரண்டிருந்த கூட்டத்தின் கண்ணெதிரே, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரில் லைட்டர் திரவத்தை ஊற்றிப் பற்றவைத்தார். அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. கையைச் சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்கும் போனார். இதே டிக்கெட்டில் கேட் ஸ்டீவன்ஸும் உண்டு. சுற்றுப்பயணம் ஏப்ரல் முழுக்க அதே பட்டியலோடு ஊர் ஊராகப் போனது. அது முடிந்த கையோடு வாக்கர் பிரதர்ஸ் பிரிந்துவிட்டார்கள்.