மூன்றாம் பத்தியின் சிக்கல்: மும்பைத் தமிழ் மாணவரும் ஆங்கில ஒழுங்கில் வினைகளும்

‘கோ – வென்ட் – கான்’, ‘கம் – கேம் – கம்’ என ஆங்கில ஒழுங்கில் வினைகளை மூன்று பத்திகளாக ஒப்பிப்பது பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பயிற்சியாகும். மகாராட்டிரத்தில் பிறமொழிவழிப் பள்ளிகளிலும் 2000ஆம் ஆண்டு முதல் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராத்தியும் கேட்டு வளர்ந்து இவ்வாய்பாட்டை வந்தடைகிறது.

ஒழுங்கின்மை இக்குழந்தைக்குப் புதிதன்று. நன்னூல் இறந்தகாலத்திற்கு த், ட், ற், இன் என நான்கு இடைநிலைகளைக் கூறும். தமிழ் லெக்சிகன் வினைகளைப் பதின்மூன்று வாய்பாடுகளில் அடக்கும். ‘வா – வந்தான்’, ‘நில் – நின்றான்’ என்பவற்றை யாரும் ஒப்பிக்கச் செய்யாமலேயே குழந்தை கைக்கொள்கிறது. மிகுதியாக வழங்கும் வினைகளே ஒழுங்கின்மையைக் காத்துக்கொள்கின்றன. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கில் வினைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் 98 மட்டுமே இன்று அந்நிலையில் எஞ்சியிருப்பதாகவும், அருகி வழங்கியவையே விரைவில் ஒழுங்குக்கு வந்தனவாகவும் காட்டிற்று.

இடர்ப்பாடு மூன்றாம் பத்தியில்தான் தோன்றுகிறது. தமிழில் ‘வந்தான், வந்த, வந்து, வந்திருக்கிறான்’ அனைத்திற்கும் இறந்தகால அடி ஒன்றே. இந்தியில் ‘கயா – கயா ஹை’. மராத்தியில் ‘கேலா – கேலா ஆஹே’. அறிந்த மூன்று மொழிகளும் ஒரே வடிவத்தை இருவழியும் ஆளும்போது, ‘ஹி ஹேஸ் வென்ட்’ என்று எழுதும் மாணவனை நினைவாற்றல் குறைந்தவன் எனக் கருதுவது பொருந்தாது. அவன் பட்டியலைப் பிழையின்றி ஒப்பிப்பான். அதன் மூன்றாம் சொல் எங்கு வரும் என்பதைப் பட்டியல் அவனுக்குச் சொல்வதில்லை.

எனினும் தமிழிலேயே ஒரு கைப்பிடி உண்டு. ‘போனான்’ என்பவன் ‘போயிருக்கிறான்’ என்கிறானேயன்றிப் ‘போனிருக்கிறான்’ என்பதில்லை. ‘ஓடினான் – ஓடியிருக்கிறான்’ என்பதும் அவ்வாறே. ‘வென்ட் – ஹேஸ் கான்’ என்பதை இவ்விணையோடு சேர்த்துப் பயிற்றலாம். ‘டிட் நாட் கேம்’ என்னும் பிழைக்கும் இவ்வழி பொருந்தும். ‘வந்தான்’ என்பதன் மறுப்பு ‘வரவில்லை’. ‘வந்தவில்லை’ என யாரும் கூறார். எதிர்மறையில் இறந்தகால அடி மறைவது இருமொழிக்கும் பொது. இவ்வொப்புமை வகுப்பறையில் எடுத்தாளப்படாதது வியப்பே.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அதனை நன்கறிவர். ‘நேற்று வந்திருக்கிறான்’ என்பது தமிழில் இயல்பான வாக்கியம். பேசுவோன் நேரிற் காணாது பின்னர் உய்த்துணர்ந்ததை அது குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ஹேஸ் கம்’ என்பதோடு நேற்று என்னும் சொல் இணையாது. அங்கு ‘கேம்’ என்றே அமைதல் வேண்டும்.

பயிற்சியில் அகரவரிசையைக் கைவிட்டு, ‘சிங் – சாங் – சங்’, ‘டிரிங்க் – டிராங்க் – டிரங்க்’ என ஓசையால் இனம்பிரித்து, ஒவ்வொன்றையும் இரு வாக்கியங்களில் வைத்துப் பயிற்றுதல் தகும். ‘கட்’, ‘புட்’ போன்று மாறாத வினைகளைத் தனியே நிறுத்தல் வேண்டும். காலங்காட்டும் உறுப்பே இல்லாத இறந்தகால வினைமுற்று தமிழ் மாணவனுக்கு முற்றிலும் புதிது. ‘ஹி கட்ஸ்’, ‘ஹி கட்’ என்னும் இரண்டனுள் ஸகரம் இன்மையே இறந்தகாலத்தைக் காட்டுகிறது என்பதை அவன் செவி தனியாகப் பழகியாக வேண்டும்.