முகம் காட்டாத நோய்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்போரின் முகங்களை நோக்கி, எவர் உடலில் எச்.ஐ.வி. கிருமி உள்ளதெனக் கூற இயலுமா? இயலாது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்நாட்டில் இதனை முதன்முதல் கண்டறிந்தது, இரத்தத்தை வேலூரில் சோதித்தே.

பல்லாண்டு அறிகுறியின்றி உறையும் இக்கிருமி, உடலுறவு, இரத்தம், தூய்மையற்ற ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். தொடுவதாலும் உடனுண்பதாலும் பரவாது. ஆணுறை இதனையும் பிற பால்வினை நோய்களையும் பெரிதும் தடுக்கும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். முடிவு மறைவாகக் காக்கப்படும். நாள்தோறும் மருந்துண்டு, கிருமி அளவிடவியலாதவாறு குறைந்தோரிடமிருந்து உடலுறவால் அது பரவுவதில்லை.

மாணவர்களே, ஐயுற்றவரைச் சோதனைக்குச் செல்லவொட்டாது தடுப்பது பெரும்பாலும் ஊராரின் ஏளனமே. அதனை நாம் ஒழிப்போமாக.