இணையத் தொலைபேசி: தினமும் ஒரு நிமிடச் சோதனை

பள்ளி அலுவலகத் தொலைபேசி நாள் முழுவதும் ஒலிக்கவில்லையா? யாரும் அழைக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல முயன்ற பெற்றோருக்கு இணைப்பே கிடைக்காமல் போயிருக்கலாம்.

இணையத் தொலைபேசியின் திரை ஒளிர்ந்தால் மின்சாரம் வருகிறது என்று மட்டுமே பொருள். அழைப்பு வந்து சேர, கருவி தன் எண்ணைச் சர்வரில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே காலையில் இவற்றைப் பாருங்கள்:

1. திரை இருண்டிருந்தால் அடாப்டரைப் பார்க்கவும். அடாப்டர் இல்லாத கருவிக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வரும். கேபிளின் இரு முனைகளையும் பார்க்கவும்.

2. மெனுவில் 'ஸ்டேட்டஸ்' பகுதியைத் திறக்கவும். ஐ.பி. முகவரி 0.0.0.0 என்றிருந்தால் நெட்வொர்க் கிடைக்கவில்லை.

3. கணக்கு நிலை 'ரிஜிஸ்டர்டு' என்றிருக்க வேண்டும். இல்லையெனில் ஒருமுறை அணைத்து இயக்கவும். அப்போதும் வராவிட்டால் தொழில்நுட்பப் பணியாளரிடம் தெரிவிக்கவும்.

4. 'டி.என்.டி.' இயக்கத்தில் இருந்தால் மணி ஒலிக்காது. 'கால் ஃபார்வர்டு' இருந்தால் அழைப்பு வேறு எண்ணுக்குப் போய்விடும். தேவையில்லையெனில் இரண்டையும் அணைக்கவும்.

5. கைப்பேசியிலிருந்து அழைத்து, இருபுறமும் குரல் கேட்கிறதா எனச் சோதிக்கவும்.

பழைய தரைவழித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்ததால் மின்வெட்டிலும் பேச முடிந்தது. இதற்கு அந்த வசதி இல்லை. தொலைபேசியோடு ரவுட்டர், சுவிட்ச் ஆகியவற்றையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். அவசரத்தில் 108ஐ அழைக்க, சார்ஜ் உள்ள கைப்பேசி ஒன்றும் அலுவலகத்தில் இருக்கட்டும்.