பத்து நாள், மூன்று ஊர்: தமிழகப் பயணத்துக்கு ஒரு கணக்கு

முதன்முறையாகத் தமிழகம் போகும் மலேசியக் குடும்பம் எதுவானாலும், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவை 17 இடங்கள். அம்மாவுக்குக் காஞ்சிபுரத்துப் பட்டும் தி.நகர் கடைகளும். அப்பாவுக்கு மதுரை மீனாட்சியம்மன் கோயில். எஸ்.பி.எம். முடித்த தம்பிக்கு பாம்பன் பாலம். பயணத்துக்கு வராத சித்திகூட ஊட்டியையும் கொடைக்கானலையும் சேர்த்துவிட்டார். 74 வயதுப் பாட்டி கேட்டது ஒரே ஓர் இடம்தான்: நாகப்பட்டினம். அவருடைய அப்பா கப்பல் ஏறிய துறைமுகம் அது.

போவது ஐந்து பேர். கையில் இருப்பது பிப்ரவரி செமஸ்டர் விடுமுறையில் பத்து நாள். பாட்டிக்கு முழங்கால் வலி. திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்களுக்கு வந்த சுற்றுலாத் திட்டங்கள் பலவற்றிலும் ஒவ்வோர் இரவும் ஒரு புதிய ஹோட்டல். நான் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தேன். சில ஊர்களில் மட்டும் தங்குவது, அங்கிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்புவது.

தங்கும் ஊர் என்றால் என்ன?

இந்த முறை நமக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளைப் பாருங்கள். பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல். ஒரு நாள் கொமுட்டர் ரயிலில் பத்துமலை, மறுநாள் அதே ரயில் சேவையில் கிள்ளான், இன்னொரு நாள் பேருந்தில் மலாக்கா. பெட்டி அறையிலேயே இருக்கும். தங்கும் ஊர் அழகாக இருக்கிறதா என்பதைவிட, அங்கிருந்து எத்தனை இடங்களுக்குச் சுலபமாகப் போய்வர முடியும் என்பதே முக்கியம்.

ஹோட்டல் மாறுவதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, பயணம் செய்து, அடுத்த ஊரில் அறை கிடைக்கும்வரை காத்திருந்தால் அரை நாள் போய்விடும். ஒன்பது இரவில் ஆறு ஹோட்டல் என்றால் ஐந்து இடமாற்றம். இரண்டரை நாள் வீண். மூன்று ஹோட்டல் என்றால் இரண்டே இடமாற்றம். ஒரு நாள்தான் செலவு. மிச்சமாகும் ஒன்றரை நாள், விமான டிக்கெட்டுக்குக் கூடுதலாக எதுவும் கொடுக்காமல் கிடைக்கும் விடுமுறை.

தூரத்தை நம் ஊர் அளவில் பாருங்கள்

வரைபடத்தில் தமிழகம் கைக்குள் அடங்குவதுபோல் தெரியும். ஆனால், சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே சுமார் 340 கிலோமீட்டர்; கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போவதைப் போன்ற தூரம். மேருவிலிருந்து மலாக்கா போய் அன்றே திரும்புவோம். பினாங்குக்குப் பாட்டியை அழைத்துப்போய் அன்றே திரும்ப யாரும் நினைக்கமாட்டோம். அங்கே மட்டும் அது எப்படிச் சரியாகும்?

நான் வைத்துக்கொண்ட விதி இது: தங்கும் ஊரைச் சுற்றி 70 கிலோமீட்டர் வட்டம். அதற்குள் இருப்பவை தாராளமாகப் போய்வரக்கூடியவை. அதைத் தாண்டிய பயணம் ஓர் ஊருக்கு ஒன்றுதான். 100 கிலோமீட்டரைத் தாண்டினால் அங்கேயே ஓர் இரவு தங்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ஊர்களுக்குள் நுழைந்து செல்லும் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

ஏன் கும்பகோணம்?

சோழநாட்டுக்குத் தஞ்சாவூரில் தங்குவதா, கும்பகோணத்தில் தங்குவதா என்பதுதான் வீட்டில் நடந்த பெரிய விவாதம். பெயர் பெற்றது தஞ்சாவூர். வட்டம் போட்டுப் பார்த்தபோது வென்றது கும்பகோணம். தாராசுரம் பக்கத்திலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கிலோமீட்டர், தஞ்சாவூர் சுமார் 40. நாகப்பட்டினம் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும் மற்ற இரண்டு சோழர் கோயில்கள் 2004-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. மூன்றையும் ஒரே அறையிலிருந்து பார்த்துவிடலாம்.

வரலாறு படிக்கும் மலேசிய மாணவருக்கு இந்த வட்டம் அந்நிய மண்ணே அல்ல. 1025-இல் கடாரத்தின்மீது கடற்படையை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். கடாரம் என்பது நம் கெடா. அதற்கு முன்பே ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்ப, ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் அந்தக் கதையின் மறுபாதியை இங்கே பார்க்கலாம்.

அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் பிற்காலத்தில் நம் முன்னோர் பலர் புறப்பட்டார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டுக்காலம் ஆட்களைச் சுமந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது நம் கிள்ளான் துறைமுகம்தான். 1972-இல் பெயர் மாறியது. ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்தது. அத்தோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. கப்பல் வந்து நின்ற துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருந்த பாட்டி, அது புறப்பட்ட கரையை ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களில் நாகப்பட்டினம் வேளாங்கண்ணிக்குப் போகும் வழியாக மட்டுமே வருகிறது. எங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு முழு நாள். அருகிலுள்ள நாகூரும் வேளாங்கண்ணியும் அதே நாளில் அடங்கும்.

எங்கள் திட்டம்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. மலிவு விமான நிறுவனங்கள் ஒருவழி டிக்கெட்டைத் தனித்தனியே விற்பதால், போன ஊரிலிருந்தே திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. திருச்சியில் இறங்கிச் சென்னையில் விமானம் ஏறுகிறோம்.

முதல் மூன்று இரவு மதுரை. 12 கிலோமீட்டரில் கீழடி. அங்கே 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு நாள் நீண்ட பயணமாகக் காரைக்குடி, செட்டிநாட்டு வீடுகள். அடுத்த நான்கு இரவு கும்பகோணம். போகும் வழியில் ஸ்ரீரங்கத்தில் இறங்குவதால் இடம் மாறும் நாளும் வீணாகாது. கடைசி இரண்டு இரவு மாமல்லபுரம். கும்பகோணத்திலிருந்து வரும் ரயிலில் செங்கல்பட்டில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர்தான். காஞ்சிபுரம் போய்வரலாம். சென்னை விமான நிலையம் நகரின் தென்பகுதியில் இருப்பதால், கடைசி நாளில் நகர நெரிசலுக்குள் நுழையத் தேவையில்லை. தி.நகர் கனவைக் காஞ்சிபுரத்துப் பட்டோடு நிறுத்திக்கொள்ள அம்மா சம்மதித்தார்.

ராமேசுவரம் விடுபட்டது. மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். போக வர 340. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தைத் தம்பி பிறகு நண்பர்களோடு போய்ப் பார்க்கட்டும். ஊட்டியும் கொடைக்கானலும் விடுபட்டன. நமக்குக் கேமரன் மலை இருக்கிறது.

கவனிக்க வேண்டிய நான்கு

ஒன்று, நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணியளவில் மூடி மாலை 4 மணியளவில்தான் திறக்கும். அந்த இடைவேளையைச் சாப்பாட்டுக்கும் காரில் போவதற்கும் வையுங்கள். தஞ்சாவூரில் நண்பகலை அரண்மனையிலும் சரசுவதி மகாலிலும் கழித்துவிட்டு, மாலையில் பெரிய கோயிலுக்குப் போகிறோம். வெயிலில் சுட்ட கருங்கல் தரையில் செருப்பில்லாமல் நடப்பது பெரியவர்களுக்குக் கடினம்.

இரண்டு, பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் பொங்கல் கூட்டம். பிப்ரவரி இரண்டுக்கும் தப்பியது. கடும் வெயிலும் தொடங்கியிருக்காது.

மூன்று, ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு தொடங்குகிறது. இருக்கை கிடைத்ததை உறுதிசெய்துகொண்டு அதன் பிறகு ஹோட்டலுக்குப் பணம் கட்டுங்கள்.

நான்கு, வாடகைக் கார். கிலோமீட்டர் கட்டணத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். டிரைவர் பேட்டா, டோல் கட்டணம், ஒரு நாளுக்கான குறைந்தபட்சக் கிலோமீட்டர் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஐந்து பேரோடு பெட்டிகளும் ஏறுமா என்பதையும் கேளுங்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்கு பொருந்தும். ஜப்பான் போகும் நண்பர்கள் ஒசாகாவில் தங்கிக் கியோட்டோ, நாரா, கோபே மூன்றையும் ரயிலில் போய்ப் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் வட்டம் போடுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரிடமும், எந்த ஓர் இடத்தைப் பார்க்காவிட்டால் இந்தப் பயணமே வேண்டாம் என்று நினைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த இடங்களை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். எல்லாருடைய இடமும் அடங்காமல் போகலாம்; அப்போது, இன்னொரு முறை போக யாருக்கு வாய்ப்புக் குறைவோ அவருடைய இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். தங்கும் ஊர் எது என்பது அதன் பிறகு தானாகவே தெரிந்துவிடும்.